அஞ்சு வரைக்கும் எண்ணணும்

ஏம்மா, செந்தட்டியேந்தல் மினி பஸ் போயிருச்சா? போயிருக்காது. போயிருந்தா நீங்க ஏன் இங்க நிக்கப் போறீங்க. சரிதானே? சரிதான்.

அட, பெஞ்சு காலியா கிடக்கு, நீங்க ஏன் நிழற்குடைக்குப் பின்னாடி போய் ஒண்டிக்கிட்டு நிக்கிறீங்க? ஓ, வெயிலா. நல்லா கட்டியிருக்கான் பாருங்க! தை மாசம், மணி பன்னெண்டு, உச்சி வெயிலு. உக்கார்ற பெஞ்சு பூரா வெயிலு, நிழல் மொத்தமும் பின்னாடி இந்த முள்ளுச் செடிக்குள்ள வந்து விழுந்து கிடக்கு. கட்டுன கான்ட்ராக்டருக்குக் கொஞ்சமாவது அறிவு இருந்திருந்தா... விடுங்க. நானும் பின்னாடியே வந்துடறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

என்னைப் பார்த்தா யாருன்னு தோணுது? சொல்லுங்க பார்ப்போம். சரி, நானே சொல்லிடறேன். தில்லைநாயகம். கருத்தாளர். கருத்தாளர்னா தெரியுமா? தெரியாது. வாத்தியாருங்களுக்கு வாத்தியார்னு வச்சுக்கங்க. பெரிய பெரிய யுனிவர்சிட்டியில உக்காந்து, பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கறதுன்னு ஆராய்ச்சி பண்றாங்கம்மா. பண்ணி, எழுதி, அலமாரியில வச்சுப் பூட்டிடறாங்க. இங்க நம்ம டீச்சருங்க அது எதுவுமே தெரியாம தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் வேணும்ல? அந்த ஆளு நான்தான். அங்க மொண்டு இங்க ஊத்துறேன். சிந்தாம சிதறாம.

எதுக்கு இந்தக் காட்டுப் பக்கம் வந்திருக்கேன்னு கேக்கறீங்க. கேக்கலையா? கேக்கலாம், தப்பில்ல. உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போறேன். ஒரு வாக்கியத்துக்காக. ஒரே ஒரு வாக்கியம்மா! அது கிடைச்சாத்தான் சென்னையில நடக்கற கல்வி மாநாட்டுல நான் கட்டுரை வாசிக்கப் போக முடியும். கிடைக்கலன்னா, பெயர்ப் பட்டியல்ல இருந்து என்னை அடிச்சுட்டு, பக்கத்து ஜில்லாக்காரன் ஒருத்தனை ஏத்திடுவாங்க. அவன் என்ன ஆராய்ச்சி பண்ணியிருக்கான் தெரியுமா? காய்கறித் தோட்டம் போட்டிருக்கான். பள்ளிக்கூடத்துல கத்தரிக்காய் விளைஞ்சா அது ஆராய்ச்சியா? நீங்களே சொல்லுங்க. இல்ல.

விஷயத்துக்கு வர்றேன். போன ஜூன்ல ஒரு ஆராய்ச்சியைப் படிச்சேன். என்ன கண்டுபிடிச்சிருக்காங்க தெரியுமா? டீச்சருங்க கேள்வி கேட்டுட்டுக் காத்திருக்கறதே இல்லையாம். கேட்ட வாய் மூடறதுக்குள்ள அடுத்த பிள்ளைகிட்டப் போயிடறாங்களாம், இல்லன்னா அவங்களே பதிலையும் சொல்லிடறாங்களாம். எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்க! கேட்டுட்டுக் கொஞ்சம் பொறுத்தாங்கன்னா, வாயே திறக்காத பிள்ளைகூட பேசுமாம். படிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சும்மா. இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது? அதேதான். எனக்கும் அதேதான் தோணுச்சு.

உடனே களத்துல இறங்கிட்டேன். 'காத்திருப்போம், கற்பிப்போம்'னு திட்டத்துக்குப் பேரு வச்சேன். ஒன்றியத்துல இருக்கற அத்தனை டீச்சரையும் கூப்பிட்டுப் பயிற்சி. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் நான் ஒருத்தனேதான் பேசுவேன், தண்ணி குடிக்கக்கூட நிறுத்த மாட்டேன். ஸ்லைடு மேல ஸ்லைடு. கடைசியில, 'யாருக்காவது சந்தேகம் இருக்கா?'ன்னேன். ஒருத்தரும் கை தூக்கல. அவ்வளவு தெளிவா நடத்தியிருக்கேன்!

இல்ல, ஒரே ஒருத்தர் தூக்குனாங்க. அதைச் சொல்லணும். கடைசி வரிசையில ஒரு அம்மா. கண்ணாடி போட்டு, கையில ஒயர் கூடை வச்சுக்கிட்டு. ஞானசௌந்தரி டீச்சர். உங்க ஊர்ப் பள்ளிக்கூடந்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது எழுந்திரிச்சு, 'சார், எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?'னு கேட்டுச்சு. 'மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணணும்'னேன். 'அஞ்சு எண்ணியும் பிள்ளை பேசலன்னா?'ன்னு கேட்டுச்சு. பாருங்க குதர்க்கத்தை! 'டீ வந்துருச்சு, எல்லாரும் எழுந்திரிங்க'ன்னுட்டேன். டீ ஆறிப்போகும்ல?

அப்புறம் ஒன்றியம் பூரா சும்மா அதிருச்சும்மா. நீங்க வந்து பார்த்திருக்கணும். ஒவ்வொரு கிளாஸ்லயும் டீச்சர் கேள்வி கேட்ட உடனே அத்தனை பிள்ளைங்களும் ஒரே குரல்ல 'ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு!' பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும். அஞ்சு முடிஞ்ச மறு நிமிஷம், எப்பவும் பதில் சொல்ற அந்த முதல் பெஞ்சுப் பிள்ளை டாண்ணு எழுந்து பதில் சொல்லும். ராணுவம் தோத்துது போங்க! மனசுக்குள்ள எண்ணச் சொன்னேன், பிள்ளைங்க வாய்விட்டு எண்ணுதுங்க. அதனால என்ன? எண்ணுதா இல்லையா? மனசுக்குள்ள எண்ணினா நான் எப்படிப் பார்வையிடறது?

எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இந்தச் சத்தம். உங்க ஊர்ல மட்டும் சத்தமே இல்ல.

நேர்ல போனேன். வராண்டாவுல நடக்கறேன், என் செருப்புச் சத்தம் எனக்கே கேக்குது. பள்ளிக்கூடம் லீவு போலன்னு நினைச்சேன். எட்டிப் பார்த்தா, ஆறாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு எழுந்து நிக்குது. முனீஸ்வரின்னு பேரு. ஒன்னாங்கிளாஸ்ல இருந்தே பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துட்டா வாயே திறக்காதாம். வீட்டுல மட்டும் பேசுமாம். அந்தப் புள்ளகிட்டதான் என்னமோ கேட்டுட்டு இந்த ஞானசௌந்தரி சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்குது. நல்லா கவனிங்க, எண்ணவும் இல்ல, அதட்டவும் இல்ல, சும்மா நிக்குது! உலகத்துல அவசரமே கிடையாதுங்கற மாதிரி. மத்த பிள்ளைங்களும் கிணத்துல போட்ட கல்லு மாதிரி கம்முனு இருக்கு. எனக்குக் கை காலெல்லாம் அரிக்குது. இருப்புக் கொள்ளல. போனை எடுத்து வந்திருந்த மெசேஜ் எல்லாத்தையும் பார்த்து முடிச்சேன், நேத்து வந்ததையும் பார்த்து முடிச்சேன்.

அப்பத்தான் அந்தப் புள்ள பேசுச்சும்மா! நல்லா நீளமா, நின்னு நிதானமாப் பேசுச்சு. டீச்சர் கண்ணுல தண்ணி. பக்கத்துல இருந்த பொண்ணு, முனீஸ்வரி கையைப் பிடிச்சு ஆட்டுது. என்ன பேசுச்சா? அதான் தெரியல. நான் போனைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்ல. ஆனா பேசுச்சு, அது சத்தியம். கடைசி வார்த்தையில சட்டுனு ஒரு போட்டோ எடுத்துட்டேன். வாய் நல்லா திறந்திருக்கு பாருங்க, தெளிவா. இந்தாங்க, இதான். ஏம்மா, போன்ல கை வைக்காதீங்க, கறை படும். கண்ணால பார்த்தாப் போதும்.

இந்த ஒரு போட்டோவை வச்சு ஆய்வுக்கட்டுரையே எழுதிட்டேன். 'பேசாப் பிள்ளை பேசியது'ன்னு தலைப்பு. என் திட்டத்துக்குக் கிடைச்ச வெற்றிதானே அது? நான் சொல்லித்தானே அந்தம்மா காத்திருந்துச்சு? என்ன, நான் அஞ்சுன்னேன், அது அம்பதுன்னு எடுத்துக்கிச்சு. காத்திருக்கச் சொன்னேன், வாஸ்தவம். அதுக்காக நெசமாவே காத்திருப்பாங்களா? பாடம் எப்ப முடிக்கறது?

டிசம்பர்ல ஜில்லா அளவுல மாதிரி வகுப்பு. கல்யாண மண்டபம் எடுத்து, மேடையில பெஞ்சு போட்டு, எல்லா ஊர் டீச்சருங்களும் கீழ உக்காந்திருக்காங்க. முன் வரிசையில பெரிய கல்வி அதிகாரி, ஒரு மேடம். அவங்க முன்னாடி முனீஸ்வரி பேசிட்டா என் கட்டுரை நேரா சென்னைதான். அதனால மேடைக்கு அந்தப் புள்ளயைத்தான் கூட்டிட்டு வரணும்னு சொல்லிட்டேன். ஞானசௌந்தரி ஒத்துக்கவே மாட்டேன்னுச்சு. 'சார், வேண்டாம். இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா, கூட்டத்தைப் பார்த்தா பயந்துருவா'ன்னு என் கையைப் பிடிக்காத குறை. 'உங்க பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு, கெடுக்காதீங்க டீச்சர்'னு ஒரு சத்தம் போட்டேன். அடங்கிருச்சு.

கேள்வி நான்தான் கேட்டேன். மைக்கைப் பிடிச்சு, 'மத்தியானத்துல நம்ம நிழல் ஏன் சின்னதாயிடுது?' முனீஸ்வரி எழுந்துச்சு. ஞானசௌந்தரி மேடை ஓரத்துல நின்னு புள்ளயையே பார்த்துக்கிட்டு இருக்கு. புள்ள வாயைத் திறந்து, 'எங்கம்மா நிழலு...'ன்னுச்சு. அவ்வளவுதான், நின்னுருச்சு.

அம்மா ஞாபகம் வந்துருச்சு போல, பாவம். பிள்ளைதானே.

நான் விட்டேனா? காத்திருந்தேன்! கையை மேல தூக்கி, எல்லாரும் பார்க்கற மாதிரி விரலை ஒவ்வொன்னா மடக்குறேன். அஞ்சும் மடங்கியாச்சு. மேடம் கடிகாரத்தைப் பார்க்கறாங்க, அவங்களுக்கு அடுத்த மீட்டிங். புள்ளைக்கு உதடு அசையுது, சத்தம் வரல. எனக்கு வேர்த்துப் போச்சும்மா. ஆராய்ச்சிப்படி அஞ்சு முடிஞ்சுது, அதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்? மைக்கை எடுத்து, 'சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வந்துடறதால! அதானேம்மா சொல்ல வந்த? ஆமான்னு தலையை ஆட்டு'ன்னேன். தலையை ஆட்டுச்சு. மண்டபம் பூரா கைதட்டல். மேடம் எழுந்து நின்னு, 'அருமை'ன்னுட்டுப் போனாங்க. எனக்குப் பொன்னாடை.

எல்லாம் சுபம். அதோட விட்டிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்!

மண்டபத்து வாசல்ல ஞானசௌந்தரி என்னை மறிச்சு நின்னுச்சு. 'சார், அவ சொல்ல வந்தது அது இல்ல. என்ன சொல்ல வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?' அப்படின்னு கேட்டுட்டு நின்னுச்சும்மா. பேசாம. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு. நான் எதையாவது சொல்லுவேன்னு நிக்குது! 'அதேதான் டீச்சர்'னேன். அசையல. 'பிள்ளை பதட்டப்பட்டுருச்சு'ன்னேன். அசையல. 'சாப்பிட்டீங்களா? உள்ள கேசரி நல்லாயிருக்கு'ன்னேன். ம்ஹூம். வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து என்கிட்ட ஒரு கேள்வியைக் கேட்டுட்டு இப்படி யாருமே நின்னதில்லம்மா. உடம்பெல்லாம் கூசுது. போன் வராமலேயே எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு 'ஹலோ, ஹலோ'ன்னு நடையைக் கட்டிட்டேன்.

ஒரு அதிகாரியை இப்படி அவமானப்படுத்தலாமா? நீங்க சொல்லுங்க. கூடாது. நானும் சும்மா இருக்கல. உங்க பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுனேன். உள்ளதைத்தான் எழுதுனேன். வகுப்பறையில் ஓசை இல்லை, திட்டப்படி எண்ணுதல் நடைபெறவில்லை, மூன்றாம் பருவம் நடத்த வேண்டிய நேரத்தில் இரண்டாம் பருவத்திலேயே நிற்கிறது. மூணும் உண்மைதானே? ஒரே வாரத்துல அந்தம்மாவை மாற்றுப்பணியில தூக்கி ஜில்லாவோட அந்தக் கடைசிக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு பஸ் மாறிப் போகுதாம். இப்ப உங்க பள்ளிக்கூடத்துல ஒரு புதுப் பையன் வந்திருக்கான், சுறுசுறுப்பானவன். பிள்ளைங்க எண்ணுறது ரோட்டுக்குக் கேக்குது. கேட்டிருப்பீங்களே?

இப்பத்தான் இடி விழுந்துச்சு. நேத்து சென்னையில இருந்து போன். 'சார், உங்க கட்டுரை நல்லாயிருக்கு. பிள்ளை பேசியதுன்னு பதினெட்டு பக்கம் எழுதியிருக்கீங்க. என்ன பேசுச்சுன்னு எங்கயுமே இல்லையே?' அப்படிங்கறான். 'மேடையில் மாணவி சொன்ன விடையை அவள் வார்த்தையிலேயே நாளைக்குள்ள அனுப்புங்க, இல்லன்னா எடுத்துடுவோம்'ங்கறான். சின்னப் பையன் குரல். என்ன திமிரு பாருங்க! அவ என்ன சொன்னாங்கறதா முக்கியம்? பேசுனாளா இல்லையா, அதானேம்மா ஆராய்ச்சி?

வேற வழியில்லாம ஞானசௌந்தரிக்கே போன் போட்டேன். மானத்தை விட்டுட்டுப் போட்டேன்மா. 'டீச்சர், அந்தப் புள்ள என்ன சொல்ல வந்துச்சு, சொல்லிடுங்க'ன்னேன். 'அவளையே கேளுங்க சார். ஆனா கொஞ்சம் காத்திருக்கணும்'னுட்டு வச்சிருச்சு. கொழுப்புதானே? அந்தப் புதுப் பையனைக் கேட்டா, 'சார், அந்தப் பொண்ணு மண்டபத்துல இருந்து வந்ததுக்கப்புறம் வாயே திறக்கறதில்ல, எண்ணும்போதுகூட எண்ணாது'ங்கறான். இந்த நேரத்துலயா ஒரு புள்ள பேசறதை நிறுத்தும்? சென்னைக்கு அனுப்பினதுக்கு அப்புறம் நிறுத்தியிருக்கக் கூடாதா?

அதான் நேர்லயே கிளம்பிட்டேன். மினி பஸ் உங்க ஊர்ல பத்து நிமிஷம் நிக்கும். இறங்கி, கேட்டு, எழுதிக்கிட்டு, அதே பஸ்ல திரும்பிடணும்.

நீங்க என்னம்மா அப்பப்ப வாயைத் திறக்கறீங்க, மூடறீங்க? ஆரம்பத்துல இருந்து பார்க்கறேன். தண்ணி வேணுமா? இந்தாங்க. வேண்டாமா? ஏன் என் போனையே பார்க்கறீங்க? போட்டோவா? திரும்பவும் பார்க்கணுமா? என்னது?

என்ன? உங்க பொண்ணா? முனீஸ்வரியா! முனீஸ்வரி அம்மாவா நீங்க!

அட கடவுளே! இவ்வளவு நேரமா என் பக்கத்துலயே நின்னுக்கிட்டு... முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நானா பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே! சரி சரி, கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி வந்துட்டீங்க. வீட்டுல உங்ககிட்ட சொல்லியிருக்கும்ல? சொல்லியிருக்கா? அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க. இருங்க, பேனாவை எடுத்துக்கறேன். ம், சொல்லுங்க. 'எங்கம்மா நிழலு'... அதுக்கப்புறம் என்ன?

சொல்லுங்கம்மா. ஏன் நிழலை விட்டு வெளிய போறீங்க? பதில் கேட்டா வெயில்ல போய் நிக்கிறீங்களே? கீழ எதைக் காட்டறீங்க? செருப்பா? அறுந்து போச்சா? தரையில ஒன்னும் இல்லையேம்மா. உங்க நிழல்தான் இந்த உச்சி நேரத்துலயும் நீளமா வடக்கால விழுந்து கிடக்கு, வேற ஒன்னும் தெரியலையே. இங்க வாங்க, தலையில வெயில் ஏறிடும்.

இப்ப ஏன் கண் கலங்கறீங்க? நான் என்ன கேட்டுட்டேன்? ஒரு வாக்கியம். டீச்சர் போனதுல இருந்து புள்ள சரியாச் சாப்பிடறதில்லையா? வீட்டுலயும் பேச்சு குறைஞ்சு போச்சா? அதெல்லாம் சரியாயிடும்மா, அதைப் பிறகு பேசுவோம். முதல்ல இதைச் சொல்லுங்க.

ஐயோ, அதோ டவுனுக்குத் திரும்பற பஸ் வருது பாருங்க. இதை விட்டா எனக்கு அடுத்த பஸ் சாயங்காலந்தான். நீங்க இங்கயே சொல்லிட்டீங்கன்னா நான் உங்க ஊருக்கே வர வேண்டாம், இதுலயே ஏறிடுவேன். சீக்கிரம். ம்? இருங்க, விரலை மடக்கறேன், நிதானமாச் சொல்லுங்க, ஒன்னும் அவசரமில்ல. ஒன்னு. ரெண்டு. மூணு. என்னம்மா அந்த டீச்சர் மாதிரியே நீங்களும் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க! நாலு. கண்டக்டர், ஒரு நிமிஷம்! ஆள் இருக்கு, நிறுத்துங்க!

சரி விடுங்க, நானே எழுதிக்கறேன். 'எங்கம்மா நிழலு சின்னதாயிடும், ஏன்னா சூரியன் தலைக்கு நேர் மேல வந்துடும்.' அதானேம்மா சொன்னா? அதானே? நீங்க ஒன்னும் பேச வேண்டாம். ஆமான்னு தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்.

ஆட்டுங்கம்மா.